கேமரா வாங்கும் முன்: பெங்களூர்த் தமிழ் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூர் ஏரிக்கரையிலோ லால்பாக் பாறை மேலோ கேமராவும் கையுமாகக் கூடும் சின்னக் கூட்டம் எங்களுடையது. புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வாரநாளில் ஃபோன் போட்டும் அதையேதான் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். இது ஆசைக்காகப் படம் எடுப்பவர்களுக்கு. கல்யாணம், விளம்பரம் என்று தொழிலாகச் செய்பவர்களின் தேவை வேறு. விலை எதையும் குறிக்கவில்லை. தசரா, தீபாவளி சமயத்தில் ஒரு விலை, மற்ற நாளில் ஒரு விலை என்று அது ஓடிக்கொண்டே இருக்கும்.

ஃபோன்லயே இவ்வளவு நல்லா வருதே, தனியா கேமரா எதுக்கு சார்?

பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் இருப்பதை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு வேலை முடிந்துவிடும் என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் ஊருக்குப் போய் வாருங்கள், நல்ல படங்கள் கிடைக்கும். ஃபோன் திணறும் இடங்கள் சில உண்டு. தூரத்தில் இருக்கும் பறவை, மங்கலான வெளிச்சத்தில் அசையும் ஆள், சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிய பிரிண்ட். இருட்டில் ஃபோன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்துத்தான் கொடுக்கிறது. கோபுரம் நின்ற இடத்திலேயே நிற்பதால் பிரமாதமாக வரும். குழந்தை துள்ளிக் குதித்தால் கையும் முகமும் குழம்பிப்போகும்.

கடந்த சில மாதங்களில் ஃபோனில் எடுத்த படங்களைப் பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். 'சே, இது சரியா வரலையே' என்று எங்கெல்லாம் தோன்றுகிறதோ அதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் கேமரா வாங்கக் காரணம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தாள் அடுத்த கேள்விக்கும் தேவைப்படும்.

பட்ஜெட் 70 ஆயிரம். எந்த கேமரா வாங்கலாம்? சுத்தி வளைக்காம ஒரு பேர் சொல்லுங்க.

சொல்கிறேன், ஆனால் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள். என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால் லென்ஸ் முடிவாகும். லென்ஸ் முடிவானால் அது எந்த பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில், மாட்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முழுப் பணத்தையும் பாடியில் போட்டுவிட்டு, கூட வந்த லென்ஸோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். படத்தின் தோற்றத்தை மாற்றுவதில் லென்ஸுக்கும் வெளிச்சத்துக்கும் இருக்கும் பங்கு பாடிக்கு இல்லை.

சரி, பெயர்கள். ஆரம்பிப்பவருக்கு கேனான் ஆர்50, நிக்கான் இசட்50, சோனி ஏ6400 மூன்றும் நல்ல கேமராக்கள். பிரிண்ட் போட்டு மாட்டினால் எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கேனான் ஆர்100 விலையில் சல்லிசு, ஆனால் அதில் டச் ஸ்கிரீன் கிடையாது. ஃபோனில் தொட்டுத் தொட்டுப் பழகியவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். கடைக்குப் போய் மூன்றையும் கையில் பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் கீழே தொங்குகிறதா, கண்ணாடி போட்டுக்கொண்டு வியூஃபைண்டரில் நாலு மூலையும் தெரிகிறதா, ஒரே கையால் பொத்தான்களை எட்ட முடிகிறதா என்று பாருங்கள். பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது இரண்டாவது லென்ஸ், கூடுதல் பேட்டரி, கார்டு, பைக்கு ஒதுக்கிவிட்டு மீதிக்குள் பாடியைத் தேடுங்கள்.

டிஎஸ்எல்ஆர் செத்துப் போச்சுன்னு சொல்றாங்களே, அப்ப மிரர்லெஸ்தான் வாங்கணுமா?

புதிதாக வாங்குவதென்றால் மிரர்லெஸ்தான். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடி திருப்பிக் காட்டும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை, படத்தைப் பதியும் சென்சார் பார்ப்பதையே திரையில் காட்டும். 2020க்குப் பிறகு கேனான், நிக்கான் இரண்டு கம்பெனியுமே புது டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் விடவில்லை. லென்ஸ்களும் அந்தப் பக்கமே போய்விட்டன. மிரர்லெஸ்ஸில் படம் எப்படி விழப் போகிறது என்பதை எடுக்கும் முன்பே பார்த்துவிடலாம். வெளிச்சம் கூடுதலா குறைவா என்று தெரியாமல் தடுமாறும் ஆரம்பக்காரர்களுக்கு இது பெரிய உதவி. கண்ணைத் தேடிப்பிடித்து ஃபோகஸ் செய்வதிலும் புதியவை வெகுதூரம் முன்னேறிவிட்டன.

அதற்காக பழைய டிஎஸ்எல்ஆர் மோசம் என்று ஆகிவிடாது. நிக்கான் டி5600 ஒரே சார்ஜில் 900க்கும் மேல் படம் எடுக்கும், இசட்50க்குக் கம்பெனியே சொல்லும் கணக்கு 300 சொச்சம்தான். எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் நல்ல டிஎஸ்எல்ஆரும் லென்ஸும் செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் சொல்வது அதைத்தான். பழையதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பது கீழே வருகிறது.

எத்தனை மெகாபிக்சல் இருந்தா நல்லது?

20 முதல் 24 வரை இருந்தால் போதும். 24 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் 20க்கு 13 அங்குலம் பிரிண்ட் போடலாம். அதைவிடப் பெரிய சட்டகம் நம் வீட்டு ஹாலில் எத்தனை மாட்டப் போகிறோம்?

கூட வர்ற 18-55 லென்ஸ் போதுமா? அடுத்தது எது வாங்கறது?

பகலில் தாராளமாகப் போதும். கேமராவோடு கூட வரும் இந்தக் கிட் லென்ஸை இளப்பமாகப் பேசுவது ஒரு பழக்கமாகிவிட்டது, அதை நம்பாதீர்கள். லால்பாக் கண்ணாடி மாளிகை, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் தெருவையே ரோஸ் நிறமாக்கும் டபேபூயா மரங்கள், மழை நின்ற மறுநிமிடம் கப்பன் பார்க் எல்லாவற்றையும் அதிலேயே அழகாக எடுக்கலாம். வெளிச்சம் குறையும்போதுதான் அது கையை விரிக்கும்.

அடுத்த லென்ஸ் என்றதும் எல்லோரும் 50 மி.மீ. எஃப் 1.8 என்பார்கள். மி.மீ. கூடினால் காட்சி நெருங்கி வரும், எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். விலை குறைவு, பின்னணி மங்கலாகி முகம் தனித்துத் தெரியும், எல்லாம் உண்மை. ஆனால் நாம் வாங்கும் பெரும்பாலான கேமராக்களில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சார். அதில் 50 என்பது ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கில் 75 அல்லது 80 போலத்தான் தெரியும். பத்துக்குப் பத்து அறையில் குழந்தையின் பிறந்தநாள் என்று வைத்துக்கொள்வோம். முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனாலும் இரண்டு மூன்று பேருக்கு மேல் சட்டத்துக்குள் வர மாட்டார்கள். கேக் வெட்டும் பிள்ளை வருவாள், பக்கத்தில் கைதட்டும் பாட்டி வர மாட்டார். வீட்டுக்குள் எடுப்பவர்களுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 நல்லது. 50 வாங்குவதாக இருந்தால் முன்னால் ஒரு வாரம் கிட் லென்ஸை 50ல் நிறுத்திவைத்து, திருப்பாமல் எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா என்று காசில்லாமலே தெரிந்துவிடும்.

அண்ணா, எனக்குப் பறவைதான் எடுக்கணும். எவ்வளவு ஜூம் வேணும்?

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஏரிக்கரை வேலிக்கம்பியில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. அலகு நுனியிலிருந்து வால் வரை ஏறக்குறைய 28 செ.மீ. நீங்கள் நிற்பது 15 மீட்டர் தள்ளி. ஏபிஎஸ்-சி கேமராவில் 250 மி.மீ. லென்ஸ் போட்டால் பறவை படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். 600 மி.மீ. போட்டால் பாதியை எட்டும். பறவைக்காரர்கள் 150-600, 200-600 என்று சுமந்து திரிவதன் காரணம் இதுதான்.

ஆனால் எங்கே போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் காவிரியில் இருக்கும் ரங்கனதிட்டு 1940லேயே சரணாலயமானது. அங்கே படகிலேயே பறவைகளுக்கு வெகு அருகில் கொண்டுபோய்விடுவார்கள். கூடு கட்டும் காலத்தில் மஞ்சள்மூக்கு நாரையையும் கூழைக்கடாவையும் 250ல் தாராளமாக எடுக்கலாம். 600ஐக் கொண்டுபோனால் கழுத்து மட்டும்தான் வரும். ஹெசரகட்டா புல்வெளிக்குக் குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகள் வேறு கதை. அவை கிட்ட வராது, அங்கே 600ம் போதாது என்று தோன்றும். ஜக்கூர், ஹெப்பாள் ஏரிகளில் தேவைப்படுவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. கூடுதல் நெருக்கத்துக்காக புல்வெளிக்குள் வண்டியை ஏற்றுவதும், செல்போனில் பறவையின் குரலைப் போட்டு அதை வரவழைப்பதும், கூட்டருகே போய் நிற்பதும் கூடவே கூடாது. தரையில் முட்டையிடும் பறவைகள் அந்தப் புல்லில்தான் இருக்கின்றன.

600 வரை போகும் ஜூம்கள் இரண்டு கிலோ அளவுக்கு வரும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், சூடும் அதிர்வும் லென்ஸுக்கு ஆகாது. முதுகுப் பையில்தான் எடுத்துப் போக வேண்டும். அது முடியாதவர்களுக்கு இரண்டு வழி. கேனான் மிரர்லெஸ் வைத்திருந்தால் ஆர்எஃப் 100-400, 635 கிராம்தான், நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கலாம். இன்னொன்று நிக்கான் பி950 போன்ற பிரிட்ஜ் கேமரா. 83 மடங்கு ஜூம், லென்ஸ் மாற்றும் வேலையே இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் மிகச் சிறியது. நல்ல வெயிலில் பறவையை அடையாளம் காண அருமை, அதிகாலையிலும் மரநிழலிலும் படம் புள்ளிபுள்ளியாகிவிடும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதோ அதிகாலையில்தான். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. நம் பெங்களூரின் டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) ஃபிலிம் காலத்தில், தானாக ஃபோகஸ் ஆகும் வசதி இல்லாதபோதே பறவைகளை எடுத்து உலக அளவில் பெயர் வாங்கியவர். அவர் படங்களைத் தேடிப் பாருங்கள். பொறுமையும் வெளிச்சமும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று புரியும்.

கரகம் எடுக்கப் போனேன், எல்லாமே கலங்கலா வந்துருச்சு. கேமராவில கோளாறா?

கோளாறு இல்லை, லென்ஸ் வெளிச்சம் வாங்கவில்லை. கன்னடப் பஞ்சாங்கத்தின் சைத்ர மாதப் பௌர்ணமி நள்ளிரவுக்கு மேல் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் கிளம்புகிறது. மல்லிகைப்பூ மூடிய கரகம் தலையில், சுற்றிலும் வாளேந்திய வீரகுமாரர்கள், எல்லோரும் வேகமாக நகர்கிறார்கள். 18-55ஐ முழுக்க ஜூம் செய்தால் அது எஃப் 5.6. அதோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஷட்டர் வேகம் 1/15 நொடி என்று வரும் இடத்தில் இதில் 1/125 தாராளமாகக் கிடைக்கும். 1/15ல் நடக்கும் ஆள் கண்டிப்பாகக் கலங்குவார்.

'என் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கே' என்று கேட்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும், எதிரே நகர்பவரை நிறுத்திவைக்காது. ஐஎஸ்ஓவை (குறைந்த வெளிச்சத்தையும் பிரகாசமாக்கிக் காட்டும் அமைப்பு) 3200, 6400 வரை ஏற்றத் தயங்காதீர்கள். கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ரா ஃபைலில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் படமாக, எடுத்தால் பிறகு கம்ப்யூட்டரில் புள்ளிகளைக் குறைப்பதும் எளிது. ஃபிளாஷ் வேண்டாம். தலையில் கரகத்தோடு வருகிறவரின் கண்ணில் வெளிச்சம் அடிப்பது அவருக்கும் ஆபத்து, பார்த்துக்கொண்டிருக்கும் பக்தர்களுக்கும் வருத்தம். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்குக்கும், செப்டம்பர் 8 சிவாஜிநகர் மாதா கோயில் தேர் பவனிக்கும் இதே லென்ஸ், இதே அமைப்புதான்.

கல்யாண மண்டபத்துல எடுத்தா படத்துல கோடு கோடா விழுது. சர்வீஸுக்குக் குடுக்கணுமா?

வேண்டாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டிருந்தால், சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். படிக்கும்போதே விளக்கு மங்கினால் அது பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, வேகத்தை 1/100 அல்லது 1/50ல் வையுங்கள். மெனுவில் ஆன்டி-ஃபிளிக்கர் இருந்தால் அதையும் போடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி திரை மட்டும் வேறு வேகத்தில் ஓடுவது. அங்கே ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பட்டை மறையும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

செகண்ட்ஹேண்ட் வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்கணும்?

தைரியமாக வாங்கலாம், நேரில் போய்ப் பார்த்து. பெங்களூரில் வேலை மாறி ஊர் மாறிப் போகிறவர்கள் அதிகம், அதிகம் பயன்படுத்தாத கேமராக்கள் நிறையக் கைமாறுகின்றன. போகும்போது ஒரு மெமரி கார்டும் சின்ன டார்ச்சும் எடுத்துப் போங்கள்.

முதலில் லென்ஸ். கேமராவிலிருந்து கழற்றி, இரண்டு மூடியையும் எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஓரிரண்டு தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. கண்ணாடி ஓரத்திலிருந்து சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுப் போகும் வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் ஜூம் வளையத்தைக் காதருகே வைத்து மெதுவாகத் திருப்புங்கள். சரசரவென்று கேட்டால் உள்ளே மணல் இருக்கிறது, எந்தக் கடற்கரைக்கோ போய் வந்திருக்கிறது. அடுத்து பாடி. லென்ஸை எஃப் 16ல் வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரில் இருக்கும் அழுக்கு கரும்புள்ளியாகத் தெரியும். நகராத தூசியும் கீறலும் வேறு வேறு, சந்தேகம் என்றால் பார்க்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். பேட்டரி வைக்கும் இடத்தில் பச்சை படிந்திருக்கிறதா, அடிப்பக்க ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

ஷட்டர் கவுன்ட், அதாவது கேமரா இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை, எல்லோரும் கேட்பது. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டரை ஏறக்குறைய ஒரு லட்சம் படத்துக்குத் தாங்கும் என்று வைத்திருப்பார்கள். நிக்கானில் கேமரா எடுத்த படத்தின் தகவலிலேயே அந்த எண்ணிக்கை ஒளிந்திருக்கும். கேனானின் பல மாடல்களில் அதைப் பார்க்கத் தனி மென்பொருள் வேண்டும். 20 ஆயிரம், 30 ஆயிரம் என்றால் கவலையே இல்லை. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஐந்து வருஷம் பீரோவில் கிடந்த கேமராவை மேலே சொன்ன டார்ச் சோதனை இல்லாமல் வாங்காதீர்கள்.

பில் இல்லாம எடுத்தா நல்லா குறைச்சுத் தரேங்கறாங்க. எடுக்கலாமா?

புதுசு என்றால் வேண்டாம். வெளிநாட்டுக்கு என்று தயாரானதைக் கொண்டுவந்து விற்கும் சரக்கு அது. பொருள் அசலாகவே இருக்கும், ஆனால் இந்திய வாரன்டி கிடைக்காது. சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பதே பில்தான். ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம் என்று தோன்றும், ஒரு முறை போர்டு போனால் அதற்கு மேல் கட்ட வேண்டி வரும். பெட்டியில், பாடியில், பில்லில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றுதானா என்று கடையிலேயே சரிபாருங்கள். பின்னால் கேமரா திருட்டுப் போனால் போலீஸில் கொடுக்கவும், விற்கும்போது காட்டவும் அந்த பில்தான் சாட்சி.

மாமாவோட பழைய லென்ஸெல்லாம் இருக்கு. நான் வாங்கற புது கேமராவில பொருந்துமா?

எந்த மவுன்ட் (பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்) என்று முதலில் பார்க்க வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆரின் இஎஃப் மவுன்ட் 1987ல் வந்தது. அந்த லென்ஸ்கள் ஒரு அடாப்டர் போட்டால் ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் ஃபோகஸ் உட்பட எல்லாம் வேலை செய்யும். மாற்றி முடியாது, ஆர்எஃப் லென்ஸ் டிஎஸ்எல்ஆரில் மாட்டாது. வீடியோ எடுப்பவர்களிடம் நிறைய இருந்த கேனான் எம்50 செகண்ட்ஹேண்டில் இப்போது குவிந்து கிடக்கிறது. அதன் லென்ஸ்கள் ஆர் வரிசையில் எந்த அடாப்டரிலும் பொருந்தாது, அந்த எம் வரிசையையே கேனான் நிறுத்திவிட்டது. இருக்கிற லென்ஸோடு கடைசிவரை ஓட்டலாம் என்பவர்கள் மட்டும் வாங்கலாம்.

நிக்கானில்தான் சிக்கல் அதிகம். எஃப் மவுன்ட் 1959லிருந்து இருக்கிறது, பெரும்பாலான லென்ஸ்கள் மாட்டும், ஆனால் எல்லாமே தானாக ஃபோகஸ் ஆகாது. லென்ஸ் மேல் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்றிருந்தால் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. எஃப்டிஇசட் என்ற நிக்கான் அடாப்டர் வழியாக இசட் வரிசை மிரர்லெஸ் கேமராக்களில் நன்றாக ஓடும். வெறும் ஏஎஃப் அல்லது ஏஎஃப்-டி என்றிருந்தால் பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3500, டி5600 போன்றவற்றில் அந்த மோட்டார் இல்லை, வழக்கமான எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை. கையால் ஃபோகஸ் செய்ய வேண்டியதுதான். டி7200 போன்ற பாடியில் அதே லென்ஸ் தானாக ஃபோகஸ் ஆகும். மாமாவிடம் நல்ல ஏஎஃப்-டி லென்ஸ்கள் இரண்டு மூன்று இருந்தால், பழைய டி7200 தேடுவது புது மிரர்லெஸ்ஸைவிட லாபம்.

லென்ஸ்ல பூஞ்சை வந்துரும்கறாங்களே, நம்ம ஊரு குளிர்தானே?

குளிர் காரணமில்லை, ஈரம்தான் காரணம். ஜூனில் தொடங்கி நவம்பர் வரை இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. குளியலறைச் சுவரை ஒட்டிய பீரோவில் தோல் பைக்குள் வைத்திருந்த லென்ஸ்கள்தான் முதலில் போகும். தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆயிரக்கணக்கில் செலவழித்து மின்சார டிரை கேபினெட் வாங்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று லென்ஸுக்கு ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதத்தில் நின்றால் சரி. ரொம்பக் காய்ந்துபோனாலும் லென்ஸுக்குள் இருக்கும் மசகுக்கு நல்லதில்லை. ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாகிவிட்டால் ஈரம் நிறைந்துவிட்டது, மிதமாகச் சூடாக்கினால் பழைய நிறத்துக்கு வரும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருப்பதால் சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்க வேண்டாம். அரிசியில் புதைத்து வைப்பது, அந்துருண்டை போடுவது இரண்டும் தப்பு. ஒன்றில் மாவுத்தூள் உள்ளே போகும், மற்றதன் ஆவி கண்ணாடியில் படியும். எல்லாவற்றையும்விட நல்லது, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்து வெளிச்சத்தில் பயன்படுத்துவது.

ட்ரைபாட், ஃபில்டர், கார்டு... இதெல்லாம் உடனே வாங்கணுமா?

கார்டு மட்டும் உடனே. வி30 என்று போட்டிருப்பது போதும், 256 ஜிபி ஒன்றுக்குப் பதில் 64 ஜிபி இரண்டாக வாங்குங்கள், ஒன்று பழுதானாலும் எல்லாம் போகாது. போலிக் கார்டுகள் நிறைய. வாங்கிய அன்றே முழுக்க நிரப்பிப் பார்த்து, எல்லாப் படமும் திறக்கிறதா என்று சோதியுங்கள். யூவி ஃபில்டர் இல்லாமல் வெளியே விடவே மாட்டார்கள் கடையில். டிஜிட்டல் சென்சாருக்கு அது தேவையில்லை, முன்பக்கக் கண்ணாடியைக் காப்பதற்கு ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் குழல்) போதும். போலரைசர் என்ற ஃபில்டர் மட்டும் உண்மையிலேயே வேலை செய்யும். மழைக்குப் பின் இலையின் பளபளப்பையும், கண்ணாடியின் எதிரொளிப்பையும் குறைக்கும், அதைப் பின்னால் கம்ப்யூட்டரில் செய்ய முடியாது.

ட்ரைபாட் மலிவானது வாங்கினால் காற்றடித்தாலே ஆடும். நல்லது வாங்கப் பணம் சேரும்வரை பொறுங்கள். பூங்காக்களில் ட்ரைபாடை விரித்தாலே காவலாளி வந்துவிடுவார், வாசலிலேயே கேட்டுவிட்டு உள்ளே போவது மரியாதை.

பெரிய லென்ஸோட கே.ஆர். மார்க்கெட் போனா எல்லாரும் முறைக்கிறாங்க. என்ன பண்றது?

சின்ன லென்ஸோடு போங்கள். பூக்காரர்களை எடுக்க 35 போதும். அது பேசும் தூரத்துக்கு உங்களைக் கொண்டுபோகும். தூரத்தில் நின்று 250ல் திருட்டுத்தனமாக எடுப்பதை யாருமே விரும்புவதில்லை. 'ஒந்து ஃபோட்டோ தெகீலா?' (ஒரு ஃபோட்டோ எடுக்கட்டுமா?) என்று கன்னடத்தில் கேளுங்கள், பலர் தமிழிலேயே பதில் சொல்வார்கள். வேண்டாம் என்று கையாட்டினால் நகர்ந்துவிடுங்கள். விடியற்காலை விற்பனை மும்முரத்தில் வழியை மறிக்காதீர்கள், முதல் போணி ஆகும் நேரம் அது.

மெட்ரோ நிலையத்திலும் ராணுவ இடங்களிலும் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். அல்சூர் ஏரியை ஒட்டியே மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் வளாகம் இருக்கிறது, அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள் என்று புதியவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறோம்.

அப்பாவோட பழைய ஃபிலிம் கேமரா பரண்ல இருக்கு. அதுல கத்துக்கலாமா?

கற்றுக்கொள்ளலாம், ஆனால் ரோல், கழுவுதல், ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. முதலில் பேட்டரி அறையைத் திறந்து பழைய செல் கசிந்திருக்கிறதா பாருங்கள். பின்கதவின் ஓரத்தில் இருக்கும் கறுப்புப் பஞ்சு பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் வெளிச்சம் உள்ளே கசியும். அதை மாற்றச் செலவு குறைவுதான். 35 மி.மீ. கேமராவா, அகல ஃபிலிமா என்றும் பாருங்கள். பலர் வீட்டில் இருக்கும் அக்ஃபா கிளிக் III, 120 என்ற அகல ஃபிலிமில் பன்னிரண்டு சதுரப் படம் மட்டும் எடுப்பது. வேலை செய்கிறதென்றால் ஒரு ரோல் போட்டு, அப்பாவையே அதில் எடுங்கள்.

ஃபுல் ஃப்ரேமுக்கு எப்ப மாறணும்?

முதல் கேள்வியில் சொன்ன தாளைத் திரும்ப எடுத்து, இப்போதைய கேமராவில் எடுத்தவற்றை வைத்து எழுதிப் பாருங்கள். இருட்டுப் படங்கள் மட்டுமே குறை, எஃப் 1.8 லென்ஸ் ஏற்கெனவே இருக்கிறது, ஐஎஸ்ஓவும் ஏற்றியாகிவிட்டது என்றால் மாறுவதில் அர்த்தம் உண்டு. 36க்கு 24 மி.மீ. சென்சார் ஏபிஎஸ்-சியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது, அதே எஃப் எண்ணில் அத்தனை மடங்கு வெளிச்சத்தைச் சேர்க்கிறது. பறவைக்காரர்களுக்கு மாறுவது பெரும்பாலும் நஷ்டம். அதே 600 அங்கே வெறும் 600தான், ஏபிஎஸ்-சியில் 900 போலத் தெரிந்தது போய்விடும். அதோடு பாடியின் விலையோடு கணக்கு முடியாது. ஏபிஎஸ்-சிக்கென்று செய்த லென்ஸ்களை ஃபுல் ஃப்ரேமில் போட்டால் கேமரா படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும், லென்ஸ்களையும் மாற்ற வேண்டி வரும்.

வாங்கும் முன் ஒரு சனி, ஞாயிறு வாடகைக்கு எடுங்கள். இந்திராநகர், கோரமங்களா பக்கம் வாடகைக் கடைகள் நிறைய, அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். எடுக்கும்போதே கடைக்காரர் முன்னால் லென்ஸுக்கு டார்ச் அடித்து, பாடியை நாலு பக்கமும் ஃபோனில் படம் பிடித்து வையுங்கள், திருப்பித் தரும்போது 'இந்தக் கீறல் யாருது' என்ற பேச்சு வராது. அதே இடத்தை அதே நேரத்தில் இரண்டு கேமராவிலும் எடுங்கள், வீட்டுக்கு வந்து இரண்டையும் நீங்கள் வழக்கமாகப் போடும் அளவில் பிரிண்ட் போடுங்கள். பெங்களூரில் 1971லிருந்து இயங்கும் யூத் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி போன்ற இடங்களில் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்லாமல் இரண்டு பிரிண்டையும் அவர்களிடம் காட்டி, எது பிடிக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் வித்தியாசம் இல்லை என்றால் இப்போதைய கேமராவிலேயே இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம்.